அடி

கோல் கிக்.
அண்ணனின் கையுறைக்குள் பாதிவரைதான்
எபநேசரின் விரல்கள்.
பந்தைக் கோட்டில் வைக்கிறான்,
நகர்த்துகிறான், மறுபடி வைக்கிறான்.
வலைக்குப் பின்னாலிருந்து வருகிறது:
அடி!
ஹொடி!
மாரோ!
மூன்று பாஷை, ஒரே சொல்.
மர்ஃபி டவுனில் பெற்றவர்கள் வேறெதிலும்
இப்படி ஒத்துப்போய் நான் பார்த்ததில்லை.

கோட்டோரம் நான் மட்டும்
இரண்டு கையையும் கீழே அமர்த்துகிறேன்,
குழந்தை தூங்கும் வீட்டில்
பேசுகிறவர்களை அடக்குவதுபோல்.

பதினோரு வருஷம் நான் ஸ்டாப்பர்.
என்னிடம் வந்த பந்து
தரையில் இரண்டு நொடி இருந்ததில்லை.
ஒன்று பேக்கரி ஷட்டரில்,
ஒன்று மொட்டைமாடித் தொட்டியில்,
ஒன்று இன்னும் கிடைக்கவேயில்லை.
கை தட்டுவார்கள்.
முக்கால்வாசி எதிராளியிடம்தான் போய் விழுந்திருக்கும்.
அதை யாரும் எண்ணவில்லை, நானும்.

ஆகவே செவ்வாய், வியாழன், காலை ஆறு மணி.
நான்கு செங்கல், ஒரு சதுரம்,
ஓரத்தில் நான்கு பேர், நடுவில் ஒருத்தன்.
பந்து வருமுன் தோளுக்குப் பின்னால் பார்.
என்ன பாத்தே?
"ஒண்ணுமில்ல மிஸ்."
மறுபடி.
"நாய் மிஸ்."
மறுபடி.
"சுப்ரீத். தனியா நிக்கிறான்."
அன்றைக்கு அது போதும்.

ஏழுமலைக்கு மட்டும் விளக்க வேண்டியிருக்கவில்லை.
அவன் அப்பா கொத்தனார்.
கீழேயிருந்து செங்கல் வீசுகிறவர்
மாடியைப் பார்த்து வீசமாட்டார்,
ஒரு கையைப் பார்த்து வீசுவார்.
அந்தக் கை அடுத்த கையைப் பார்க்கும்.

அடியிலிருந்து ஆடுவோம் என்று
பெற்றோர் கூட்டத்தில் சொன்னேன்.
முதல் இரண்டு எழுத்தை மட்டும் பிடித்துக்கொண்டார்கள்.

முதல் ஆட்டத்தில் நான்கு வாங்கினோம்,
நான்கும் எங்கள் கால் கொடுத்தவை.
அடுத்ததில் மூன்று.
எபநேசரின் சித்தி கேட்டாள்,
"அவன் அழறது உங்களுக்குத் தெரியலையா?"
தெரிந்தது.
கையுறையால் துடைத்தால் மண்தான் ஒட்டும் என்பதும்.
அன்றிரவு மின்விசிறியைப் பார்த்துக் கிடந்தேன்.
பதினோரு வயதின் கண்ணீரை ஊற்றி
என் பிடிவாதத்தை வளர்க்கிறேனோ?

இன்று ஒன்றுக்கு ஒன்று.
இரண்டு நிமிஷம் பாக்கி.
மதியம் பெய்தது பெனால்டி புள்ளியருகே குட்டையாக நிற்கிறது.
எபநேசர் தமீனாவுக்கு உருட்டுகிறான்.
பந்து சேற்றில் தயங்குகிறது.
மூன்று நீலச் சட்டைகள் அவள்மேல் பாய்கின்றன.
எல்லாக் குரலுக்கும் மேலே ஒரு குரல்,
அவள் அப்பாவின் மாரோவையும் அமுக்கிக்கொண்டு:
அடி!

என் குரல்.

தமீனாவின் பின்னல் ஒருமுறை தோளைத் தாண்டித் திரும்பியது,
அவ்வளவுதான்.
உள்ளங்காலால் பந்தை இழுத்தாள்.
முதல் நீலம் வழுக்கிக்கொண்டு குட்டையில் போய் உட்கார்ந்தது.
ஏழுமலைக்கு. ஏழுமலை சுப்ரீத்துக்கு.
சுப்ரீத், ஐயோ, திரும்ப எபநேசருக்கு.
மைதானத்தில் ஒருவரும் மூச்சு விடவில்லை.
எபநேசர், பெரிய கையுறைகளை விரித்துக்கொண்டு,
வலது காலின் உட்புறத்தால், மெதுவாக,
மறுபடி தமீனாவுக்கு.
அவள் நடுவில் ஒரு நீளமான தரைப்பந்து.
அது பாதிக்கோடு தாண்டி
யார் காலிலோ பட்டு வெளியே போனது.
விசில்.

கோல் இல்லை. ஒன்றுக்கு ஒன்றுதான்.

தண்ணீர் பாட்டிலுக்கு வந்தாள்.
"மிஸ், நீங்கதானே கத்தினது?"
ஆமா.
தலையில் பாதி ஊற்றிக்கொண்டாள்.
"அதுக்கு முன்னாடியே பாத்துட்டேன் மிஸ்.
ஆள் இருந்தான்."

காலையில் விட்டுப்போன செங்கற்களைத் தேடினேன்.
மூன்றுதான் இருந்தன.
நான்காவதை யாரோ
ஸ்கூட்டர் சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்திருந்தார்கள்.